இரைப்பு என்னும் சொல்லும் இரையாத நோயும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் மருத்துவ உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கவியரங்கத்துக்கும் பட்டிமண்டபத்துக்கும் இடையே ஒரு மருத்துவனை மேடையேற்றியிருக்கிறீர்கள். ஆஸ்துமாவைப் பற்றிப் பேச வேண்டும், ஆனால் மருத்துவமனையில் கொடுக்கும் துண்டறிக்கைபோல் இருக்கக் கூடாது என்பது செயலாளர் எனக்கு இட்ட கட்டளை. ஆகவே உங்களுக்கு உரிய நிலத்திலிருந்தே தொடங்குகிறேன். சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

ஆஸ்துமா கிரேக்கச் சொல். திணறி விடும் மூச்சு என்பது அதன் பொருள். ஹோமரின் இலியத் காவியத்திலேயே அச்சொல் வருகிறது. அங்கு அது நோயின் பெயரன்று. கல்லடி பட்டுக் களத்தில் கிடக்கும் எக்டரின் மூச்சைக் குறிக்கிறது. பின்னர் வந்த கிரேக்க மருத்துவர்கள் அதை நோய்க்குப் பெயராக்கினர். தமிழில் நமக்கு ஒன்றுக்குப் பல சொற்கள் உண்டு. இரைப்பு என்கிறோம். கடல் இரைகிறது என்போமே, அந்த இரைதல்தான். மார்பிலிருந்து எழும் ஓசையைக் குறித்த பெயர். இளைப்பு என்கிறோம், அது களைப்பைக் குறித்தது. ஈளை என்பது கோழையைக் குறித்தது. மந்தார காசம் என்றொரு சொல்லும் சித்த மருத்துவத்தில் வழங்குகிறது. மந்தாரம் என்றால் மேகமூட்டம். வானம் மூடிக்கொள்ளும் நாளில் மிகும் நோய் என்று கண்டு பெயரிட்ட அந்த முன்னோரின் கூர்த்த நோக்கை நான் வியக்கிறேன். ஈழத்தமிழர் 'முட்டு' என்கின்றனர். எனக்கு எல்லாவற்றினும் பிடித்த சொல் அதுவே. மூச்சு ஏதோ ஒன்றில் போய் முட்டுகிறது என்ற செய்தி அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

இவ்வளவு பெயர்களும் நோயின் எந்தப் பகுதியைச் சுட்டுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். காதுக்குக் கேட்பதை, கண்ணுக்குத் தெரிவதை, நோயாளி உணர்வதைச் சுட்டுகின்றன. நோயின் வேராக இருப்பதை ஒன்றும் சுட்டவில்லை. அது ஓசையில்லாதது. அதனால் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். ஓசை எழுந்தால் மருந்து, ஓசை நின்றால் மருந்தும் நின்றுவிடும் என்ற வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றியிருப்பது அதனால்தான் என்பது என் கருத்து. அந்த வழக்கம் உயிரை வாங்குகிறது. அதைச் சொல்லவே வந்தேன்.

முதலில் உறுப்பைப் பார்ப்போம். மூச்சுக்குழல் மார்பினுள் இறங்கி இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகிறது. இப்படி ஏறத்தாழ 23 முறை கிளைத்து, முடிவில் நுண்ணறைகளில் போய் முடிகிறது. தலைகீழாக நிற்கும் ஒரு மரம் என்று கொள்ளலாம். இலைகளுக்கு நிகரான அந்த நுண்ணறைகள் 30 கோடிக்கும் மேல். அவற்றை எல்லாம் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், பத்துக் காஞ்சிப் பட்டுப் புடவைகளை அடுத்தடுத்து விரித்த அளவு. அவ்வளவு பட்டும் நம் விலா எலும்புக் கூட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உயிர்வளி குருதியில் சேர்வது அங்கேதான்.

ஆஸ்துமா அந்த இலைகளின் நோயன்று; கிளைகளின் நோய். கிளைக்குழல்களின் உட்சுவரில் அழற்சி இருக்கிறது. அழற்சி என்றால் என்ன? கண்ணில் தூசு விழுந்தால் கண் சிவந்து வீங்கி நீர் வடிக்கிறதே, அதுபோன்ற நிலை. ஆனால் நாள்பட்டு, அடங்காமல், உள்ளே இருப்பது. அவ்வாறு புண்பட்ட குழல் எதற்கும் சினங்கொள்ளும். பிறர் பொருட்படுத்தாத ஊதுவத்திப் புகை, குளிர்ந்த காற்று, ஒரு சிரிப்பு, ஓர் அழுகை, சிறிய ஓட்டம் ஆகியவையே அதற்குப் போதும். உடனே மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. குழலைச் சுற்றியுள்ள தசைநார்கள் இறுகுகின்றன. உட்சுவர் மேலும் வீங்குகிறது. கெட்டியான சளி சுரந்து எஞ்சிய இடைவெளியையும் அடைக்கிறது.

இங்கே இயற்பியலின் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஒரு குழலின் உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் அதில் காற்று செல்வதற்கான தடை எவ்வளவு கூடும்? இரு மடங்கு என்று தோன்றும். 16 மடங்கு கூடும் என்பதே விதி. நன்றாக இருந்தவர் அரை மணி நேரத்தில் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தோள்களை உயர்த்தி உட்கார்ந்துவிடுவதன் காரணம் இந்தப் பதினாறுதான்.

எல்லாரும் 'மூச்சை இழுக்க முடியவில்லை' என்றே கூறுகின்றனர். உண்மையில் முதலில் கெடுவது வெளிமூச்சு. மூச்சை உள்ளிழுக்கையில் மார்பு விரிவதால் குழல்களும் சற்று விரிகின்றன, வெளிவிடுகையில் சுருங்குகின்றன. ஏற்கெனவே குறுகிய குழல் வெளிமூச்சின்போது இன்னும் குறுகிக் காற்றை உள்ளேயே சிறைப்படுத்துகிறது. பழங்காற்று வெளியேறாத மார்பில் புதுக்காற்றுக்கு ஏது இடம்? நோயாளியின் மார்பு ஊதிய பைபோல் நிற்கும். அவர் நிரம்பிய நிலையில் திணறுகிறார். வெறுமையில் திணறவில்லை. திருமூலர் மூச்சுப் பயிற்சிக்குக் கணக்குச் சொல்கையில் உள்ளிழுக்க 16 மாத்திரையும் வெளிவிட 32 மாத்திரையும் வகுத்தார் என்பதை இந்த அவை அறியும். வெளிமூச்சின் அருமையை அவர் வேறொரு நோக்கில் கண்டார். இரைப்பாளிக்கு அந்த 32 கூடப் போதுவதில்லை.

ஏன் சிலருக்கு மட்டும் இது வருகிறது? பரம்பரை ஒரு பகுதி. வளர்ந்த சூழல் ஒரு பகுதி. உடலின் காவல் அமைப்பு, தீங்கற்ற மகரந்தத்தையும் மெத்தையில் வாழும் நுண்ணுண்ணியின் கழிவையும் பகையென்று தவறாக எண்ணி, அவற்றுக்கெதிராக ஒரு புரதத்தை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அப்பொருள் உள்ளே வந்தவுடன் காவல் அணுக்கள் வெடித்து இரசாயனங்களைக் கொட்டுகின்றன. முதல் தாக்கம் சில நிமிடங்களில் வரும். நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் அலை ஒன்று வரக்கூடும். மாலையில் ஒட்டடை அடித்தவர் நள்ளிரவில் விழித்தெழுந்து உட்காருவது அதனால்தான். இயல்பாகவே பின்னிரவில் குழல்கள் சற்றுச் சுருங்கும். மூன்று மணி, நான்கு மணி இந்நோய்க்கு உகந்த வேளை.

இப்போது ஓசையின்மைக்கு வருகிறேன். அது இருவகைப்படும்.

முதல் வகை, இரு தாக்குதல்களுக்கு இடைப்பட்ட அமைதி. நோயாளி சிரிக்கிறார், வேலைக்குப் போகிறார், கவியரங்கில் பாடுகிறார். மார்பில் குழல்மானி வைத்தாலும் ஒன்றும் கேட்காது. ஆயினும் உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கலாம். மூச்சுக்குழல் சுவரின் துணுக்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் இலேசான நோயுடையோரிடமும் அதைக் கண்டிருக்கின்றனர்.

இரண்டாம் வகை அச்சத்துக்குரியது. கடுமையான தாக்குதலின் நடுவே இரைப்பு ஓசை திடீரென்று குறையும். சுற்றியிருப்போர், 'அப்பாடா, அடங்கிவிட்டது' என்பார்கள். ஓசை எழுவதற்கும் காற்று ஓட வேண்டும். காற்றோட்டமே அற்றுப்போகும் நிலையில் ஓசையும் அற்றுப்போகும். மருத்துவர்கள் இதற்கு ஓசையற்ற மார்பு என்றே பெயரிட்டிருக்கின்றனர். மூச்சுத் தசைகள் சோர்ந்து, குருதியில் கரியமிலவளி ஏறி, நோயாளி தூக்கக் கலக்கம்போல் கண் செருகுவார். அதை உறக்கம் என்று எண்ணியவர்கள் உண்டு.

நம் வட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் நம்மோடு அமர்ந்திருந்த ஒரு நண்பரைப் பற்றி, அவருடைய துணைவியாரின் இசைவோடு சொல்கிறேன். பெயர் சொல்லவில்லை, பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். நீல நிற இன்ஹேலர் ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், பேனாவுக்குப் பக்கத்தில். தசையின் இறுக்கத்தைச் சில நிமிடங்களில் தளர்த்தும் மருந்து அது. அழற்சியைத் தணிக்கும் இன்னொரு மருந்தும் அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் இழுக்க வேண்டியது. 'நன்றாக இருக்கும்போது எதற்கு மருந்து?' என்று அதை அலமாரியில் வைத்துவிட்டார். அதில் ஸ்டீராய்டு இருப்பதாக யாரோ சொன்னதும் அவருடைய தயக்கத்துக்குத் துணையாயிற்று. ஓர் ஐப்பசி மழை இரவில், மூன்று மணிக்கு மேல், நீல மருந்தை மீண்டும் மீண்டும் இழுத்தார். பிறகு ஓசை நின்றது. வீட்டார் போர்வையைப் போர்த்திவிட்டு விளக்கை அணைத்தனர். காஞ்சிபுரத்துக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அலமாரியில் இருந்த மருந்தின் உறை பிரிக்கப்படவே இல்லை என்று அம்மையார் பிற்பாடு என்னிடம் காட்டினார்.

இது ஒரு வீட்டின் கதை என்று விட்டுவிட முடியாது. உலக நலவாழ்வு அமைப்பு 2019ஆம் ஆண்டுக்குத் தரும் கணக்கின்படி, உலகில் 26 கோடியே 20 இலட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. 4,55,000 பேர் அதனால் இறந்தனர். அதே ஆண்டின் நோய்ச்சுமை ஆய்வு, நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியர் என்றும், இறந்தோரில் பத்தில் நால்வருக்கு மேல் இந்தியர் என்றும் மதிப்பிடுகிறது. இந்த இரண்டு விகிதங்களுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் பிரிக்கப்படாத உறைகள் எத்தனை இருக்குமோ!

மருந்தை மூச்சின் வழியே செலுத்துவது மேனாட்டார் கண்ட புதுமை என்றும், பழகிவிட்டால் விட முடியாது என்றும் நம்மவர் அஞ்சுகின்றனர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வழியை நவீன ஐரோப்பிய மருத்துவம் கற்றுக்கொண்டதில் நம் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் தோட்டம் அமைத்துச் செடிகளை ஆராய்ந்தவர். ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இரைப்பு தணிவதை இங்குள்ளோரிடமிருந்து அறிந்து, ஜென்ட் என்னும் படைத்தலைவருக்குக் கூறினார். ஜென்ட் அதை 1802இல் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். அங்கே கிடைத்த ஊமத்தை இனத்தைக்கொண்டு சுருட்டும் பொடியும் செய்தனர். நூறாண்டுக்கு மேல் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் அவை விற்றன.

இலக்கிய அன்பர்களுக்கு இன்னொரு செய்தி. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் ஒன்பதாம் வயதிலிருந்து ஆஸ்துமாவால் துன்புற்றவர். பாரிசில் தம் அறைச் சுவர்களுக்குத் தக்கைப் பலகை பதித்து, சன்னலை அடைத்து, இரவெல்லாம் எழுதினார். அவ்வறையில் அவர் கொளுத்திய மருத்துவப் பொடியிலும் ஊமத்தை இனமே முதன்மை. நம் ஊர் வேலியோரத்துச் செடியின் உறவுக்காரச் செடி அந்தப் பெருநாவலுக்குப் புகை போட்டிருக்கிறது! அக்கால மருத்துவர் பலர் ஆஸ்துமாவை நரம்புக் கோளாறு, மனத்தின் விளையாட்டு என்றே கருதினர். தாயார் மறைந்த 1905ஆம் ஆண்டின் இறுதியில் புரூஸ்த் ஒரு நரம்புநோய் விடுதியில் சில வாரங்கள் தங்கியும் பயன் காணவில்லை. மனக்கலக்கம் இரைப்பைத் தூண்டும்; உண்டாக்கிவிடாது. 'உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்' என்று எந்த நோயாளியிடமும் தயைகூர்ந்து சொல்லாதீர்கள்.

ஊமத்தை நஞ்சு. யாரும் இன்று அதைப் புகைக்க முற்பட வேண்டாம். அதன் தசைதளர்த்தும் குணத்தைப் பின்பற்றி, தீங்கு குறைந்த மருந்துகளை வேதியியலார் பின்னர் ஆக்கிவிட்டனர். ஆடாதொடையிலும் அப்படியே, அதிலுள்ள சத்தினை முன்மாதிரியாகக்கொண்டே சளி இளக்கும் புரோம்ஹெக்சின் பிறந்தது. சித்த மருத்துவ அன்பர்கள் பெருமைப்படலாம், நானும் பெருமைப்படுகிறேன். எனினும் ஆடாதொடை ஈளையை இளக்கும். ஊமத்தை இரைப்பைத் தணித்தது. நம் பெயர்கள் எதைச் சுட்டினவோ அதற்கே நம் மருந்துகளும் அமைந்தன. அழற்சியைத் தணிக்கும் மருந்து இழுக்கும் வடிவில் 1972இல்தான் வந்தது.

கையடக்க இன்ஹேலர் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் மருந்து நிறுவனத் தலைவர் ஒருவரின் மகளுக்கு ஆஸ்துமா. வயது 13. கண்ணாடிக் கருவியின் குமிழை அமுக்கி மருந்து இழுக்கும் தொல்லை தாளாமல், தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பான்போல் இதையும் ஏன் செய்யக்கூடாது என்று 1955இல் தந்தையிடம் கேட்டாள். மறு ஆண்டே, 1956இல், கருவி விற்பனைக்கு வந்துவிட்டது.

இழுக்கும் மருந்து 'பலமானது' என்பது நம் ஊரில் நிலைத்துவிட்ட தவறான எண்ணம். கணக்கைப் பாருங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரில் இருமுறை இழுத்தால் உள்ளே போவது 0.2 மில்லிகிராம். இருபதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றில் இறங்கி, குருதியில் கலந்து, உடல் முழுதும் சுற்றிக் கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்து, பிறகே மூச்சுக்குழலை அடைகிறது. இழுக்கும் மருந்து நேரே வீட்டு வாசலில் இறங்குகிறது. ஸ்டீராய்டுக்கும் இதே கணக்கு. இழுப்பது மைக்ரோகிராமில், விழுங்குவது மில்லிகிராமில். இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், அவ்வளவே. நீல மருந்தை மட்டும் தனியே நம்பியிருக்கும் முறையைப் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இனிப் பரிந்துரைப்பதில்லை என்று பன்னாட்டு ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019இல் அறிவித்தது. அழற்சி தணிக்கும் மருந்து எந்த நிலையிலும் சேர்ந்திருக்க வேண்டும். மிருகசீரிடத்தன்று ஐதராபாத்துக்கு மீன் விழுங்கப் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. வழியில் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். வாலாஜாபாத்தின் காற்று நம் இளமைக்காலக் காற்றன்று. வறண்ட பாலாற்றுப் படுகையில் வேலிகாத்தானும் பார்த்தீனியமும் செழித்திருக்கின்றன. இரண்டின் மகரந்தமும் ஒவ்வாமை தருவன. சுற்றுப்புறத்துக் கல்லரவை ஆலைகளின் துகள் சாலையோரப் புளியமரங்களை வெளுக்க வைத்திருக்கிறது. அத்துகள் ஆஸ்துமாவைத் தூண்டும். அதனினும் கொடிதாக, அங்கேயே உழைப்பவரின் நுரையீரலை இறுகவைக்கும் வேறொரு நோயையும் தரும். இரண்டையும் 'வீசிங்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பக் கூடாது. மார்கழிப் பனியும் போகிப் புகையும் சேரும் விடியலில் என் வாசலில் நிற்கும் கூட்டம் தனி.

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக நம் ஊர் வரும் சாலையில் பேருந்துகள் ஒவ்வொரு பணிமாற்ற வேளையிலும் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. இவ்வட்டாரத்தில் செய்த மகிழுந்துகள் நம் இரயில் நிலையத்தில் சரக்கு வண்டி ஏறுகின்றன. வேலைவாய்ப்பை நான் குறை கூறவில்லை. ஆனால் தொழில் தரும் ஆஸ்துமா என்று ஒரு வகை உண்டு; அதைத் தொழிலாளரும் அறிந்திருக்கவில்லை. வண்டிகளுக்கு அடிக்கும் இருகலவை வண்ணப்பூச்சிலும் இருக்கைக்கான நுரைப்பஞ்சு செய்வதிலும் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. மின்னணுப் பலகையைப் பற்றவைக்கையில் எழும் குங்கிலியப் புகை இன்னொன்று. ரொட்டி அடுமனையின் மாவுத் தூசு மூன்றாவது. முன்பு இரைப்பே அறியாத இளைஞனுக்கும் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து இது வரக்கூடும். வந்துவிட்டால் அணுவளவு ஆவியும் அவனுக்குப் போதும். அடையாளம் எளிது: விடுமுறையில் குறையும், வேலைக்குத் திரும்பினால் கூடும். காலத்தே கண்டு அவ்விடத்தை விட்டு மாற்றினால் குணமடைய வாய்ப்பு அதிகம். தாமதித்தால் வேலையை விட்டபின்னும் நோய் விடாது. ஒப்பந்தத்தில் இருக்கும் பையன்கள் இருமலை மறைக்கின்றனர். முகத்தில் கட்டும் துணி அந்த ஆவியைத் தடுக்காது என்பதைக்கூட அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒருவன் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நேரமாகிவிட்டது, கவியரங்கத்தார் என்னைப் பார்க்கின்றனர். கவிஞர்களால் மட்டும் எளிதில் கண்டறியக்கூடிய ஓர் அறிகுறியைச் சொல்லி அமர்கிறேன். கடுமையான தாக்குதலில் நோயாளியால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க இயலாது. நேற்றுவரை ஒரு முழு விருத்தத்தை நிறுத்தாமல் பாடியவர், இன்று சீருக்குச் சீர் நின்று மூச்சு வாங்கினால், அதை வயதென்றோ உணர்ச்சிப் பெருக்கென்றோ கொள்ளாதீர்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். கையிலிருக்கும் நீல மருந்தை, இடைக்குழல் இருந்தால் அதில் பொருத்தி, ஒவ்வொரு முறையாக நான்கு முதல் பத்து முறை கொடுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, இரைந்துகொண்டிருந்த மார்பு ஓய்ந்தாலோ விளக்கை அணைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை மருந்தைத் தொடருங்கள்.